மைல்ஸ் டேவிஸின் இரண்டாவது ஐவர் குழு: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழி

ஜாஸ் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் 1959-இல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வழியாகத்தான் மைல்ஸ் டேவிஸிடம் வந்து சேர்கிறார்கள். முதல் தடவையிலேயே மனதுக்குப் பிடித்துப்போகிற ஆல்பம் அது. சரி, அடுத்து என்ன கேட்கலாம் என்று விசாரித்தால், விவரம் தெரிந்த எல்லோரும் கைகாட்டுவது அவருடைய இரண்டாவது ஐவர் குழுவைத்தான். 1964 செப்டம்பரில் கூடி, 1968 நடுவில் கலைந்த குழு. மைல்ஸ் டிரம்பெட், வேய்ன் ஷார்ட்டர் டெனர் சாக்ஸஃபோன், ஹெர்பி ஹான்காக் பியானோ, ரான் கார்ட்டர் பாஸ், டோனி வில்லியம்ஸ் டிரம்ஸ்.

ஆர்வமாக அங்கே போனவர்களில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். நான் முதலில் போட்டது 'நெஃபர்டிட்டி'. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. பாட்டு முடியும்வரை டிரம்பெட்டோ சாக்ஸோ தனியாக ஒரு வரிகூட வாசிக்கவில்லை. பதிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன். மறுபடி அதைத் தொட எனக்கு இரண்டு வருடம் ஆனது. இரண்டாம் முறை, அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு வந்தேன். அதே எட்டு நிமிடம் அப்போது வேறாகக் கேட்டது.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு விஷயம் முக்கியம். இந்தக் குழுவின் காலகட்டங்களை ஆல்பம் ஆல்பமாக மட்டும் ஒப்பிட்டால் பாதிதான் தெரியும். ஸ்டுடியோவில் அவர்கள் புதிதாக எழுதிய பாட்டுகளை வாசித்தார்கள். மேடையில் பல வருடம் பழைய பாட்டுகளையே வாசித்து, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார்கள். இரண்டும் தனித்தனி ஓட்டங்கள். அவை எப்போது ஒன்றுக்கொன்று நெருங்குகின்றன, எங்கே சேர்கின்றன என்று பார்த்தால் காலகட்டங்கள் தாமாகவே பிரிந்து தெரியும்.

கேட்க உட்காரும் முன்

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். ரான் கார்ட்டரின் பாஸ் அதில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அவர் காணாமல் போனால் மற்ற நான்கு பேரும் அந்தரத்தில் தொங்குவார்கள். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

ஜாஸ் பாட்டின் வழக்கமான கட்டுமானம் தெரிந்திருந்தால் நல்லது. குழு முதலில் மெட்டை வாசிக்கும். அந்த மெட்டுக்கு அடியில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வரிசை இருக்கும், 12 அல்லது 32 பார் (தாளத்தின் ஓர் அளவு, பெரும்பாலும் நான்கு தட்டு) நீளத்துக்கு. மெட்டு முடிந்ததும் அதே கார்டு வரிசை சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொருவராக அதன் மேல் தங்கள் கற்பனையை வாசிப்பார்கள். அதுதான் சோலோ. கடைசியில் மறுபடி மெட்டு. மெட்டு, சுற்று, கார்டு, தாளம் என்ற இந்த நான்கில் எதை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், எதைத் தளர்த்திவிட்டார்கள்? ஒவ்வொரு காலகட்டத்திலும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1964 இலையுதிர் காலத்தில் மைல்ஸுக்கு 38, வேய்னுக்கு 31, ரானுக்கு 27, ஹெர்பிக்கு 24. டோனிக்கு 18. அவர் மைல்ஸிடம் வந்து சேர்ந்தபோது 17. இந்த வழிகாட்டி முழுக்க நான் அந்தப் பையனின் பின்னால்தான் போகப்போகிறேன். புதியவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: டிரம்பெட்டைத் தொடராதீர்கள், டிரம்ஸைத் தொடருங்கள். இந்தக் குழுவில் மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான்.

முதல் படி: 1956-இல் ஒரு நாள்

இரண்டாவது குழு எதை மாற்றியது என்று தெரிய வேண்டுமானால் முதல் குழுவில் ஒரு பாட்டாவது கேட்டாக வேண்டும். ஜான் கோல்ட்ரேன் (சாக்ஸஃபோன்), ரெட் கார்லண்ட் (பியானோ), பால் சேம்பர்ஸ் (பாஸ்), ஃபில்லி ஜோ ஜோன்ஸ் (டிரம்ஸ்) ஆகியோருடன் மைல்ஸ் 1955-இல் சேர்த்த குழு அது. பிரெஸ்டீஜ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் பாக்கி இருந்தது. பெரிய நிறுவனமான கொலம்பியா காத்துக்கொண்டிருந்தது. பாக்கியைத் தீர்க்க 1956-இல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டு நாட்களில், நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில், கிளப்பில் வாசிப்பது போலப் பாட்டு மேல் பாட்டாக வாசித்துத் தள்ளினார்கள். அதிலிருந்து நான்கு ஆல்பங்கள் வந்தன.

அவற்றில் 'ரிலாக்ஸின்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'இஃப் ஐ வேர் எ பெல்'. தொடங்கும் முன் மைல்ஸின் கரகரத்த குரல் கேட்கும். வாசிக்கிறேன், என்ன பாட்டென்று அப்புறம் சொல்கிறேன் என்கிறார். விரலைச் சொடுக்கி வேகம் கொடுக்கிறார். ரெட் கார்லண்ட் மணிக்கூண்டு அடிப்பது போலச் சில ஸ்வரங்களைத் தட்ட, பாட்டு புறப்படுகிறது. நீங்கள் கையால் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தட்டிக்கொண்டே கேளுங்கள். எந்த இடத்திலும் கை தப்பாது. பாஸ் நடை போடுகிறது, பியானோ கார்டுகளை ஒழுங்காக எடுத்துக் கொடுக்கிறது, டிரம்ஸ் பளிச்சென்று இருக்கிறது. நான்கும் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன, அதோடு அவ்வளவு சுகமாகவும் இருக்கிறது.

இந்தப் பாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் கழித்து மறுபடி சந்திப்போம்.

இரண்டாம் படி: வேய்ன் வருவதற்கு முன்பே

1963-இல் ரான், ஹெர்பி, டோனி மூவரும் வந்துவிட்டார்கள். சாக்ஸஃபோனில் ஜார்ஜ் கோல்மன். இந்த ஐவரும் 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் உள்ள ஃபில்ஹார்மோனிக் ஹாலில் வாசித்த ஒரே கச்சேரி இரண்டு ஆல்பங்களாக வந்தது. மெதுவான பாட்டுகள் 'மை ஃபன்னி வாலண்டைன்' என்ற பெயரில், வேகமானவை 'ஃபோர் அண்ட் மோர்' என்ற பெயரில்.

மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி அது. மைல்ஸ் சம்பளம் வாங்காமல் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார். குழுவினர் சார்பிலும் தானே முடிவெடுத்துவிட்டார். மேடையேறும் முன் இதனால் வாக்குவாதம் மூண்டது. அந்தக் கோபத்தோடுதான் மேடைக்குப் போனார்கள். அன்றிரவு மோசமாக வாசித்துவிட்டோம் என்றே அவர்களுக்குத் தோன்றியதாம். எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறோம் என்பது பதிவைக் கேட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது.

முதலில் 'மை ஃபன்னி வாலண்டைன்' பாட்டைக் கேளுங்கள். 1956 அக்டோபரில் முதல் குழு வாசித்தது ஏறக்குறைய ஆறு நிமிடம். இங்கே பதினைந்து. மைல்ஸ் மெட்டை முழுதாகச் சொல்வதே இல்லை. அங்கங்கே ஒரு துணுக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தாளம் நிற்பது போல நின்று, இரட்டிப்பாகி, மறுபடி இறங்குகிறது. கையால் தட்டிக்கொண்டு வந்தால் இங்கேதான் முதன்முதலில் தடுமாறுவீர்கள். ஆனால் பாட்டின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சுற்று எங்கே முடிகிறது என்று கொஞ்சம் கவனித்தால் பிடித்துவிடலாம்.

அப்புறம் 'ஃபோர் அண்ட் மோர்' ஆல்பத்தில் 'வாக்கின்'. மூச்சு வாங்க வைக்கும் வேகம். 18 வயதுப் பையன் டோனியின் வலது கை சிம்பலில் (டிரம்ஸின் உலோகத் தட்டில்) என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அதே வருடம் கோல்மன் விலகினார். கோடையில் ஜப்பான் பயணத்துக்கு சாம் ரிவர்ஸ் வந்தார். செப்டம்பரில், டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவை விட்டு வேய்ன் ஷார்ட்டர் வந்து சேர்ந்தார். ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். 'மைல்ஸ் இன் பெர்லின்' அந்த மாதம் 25-ஆம் தேதிப் பதிவு. நேரம் இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: 'ஈ.எஸ்.பி.', 1965 ஜனவரி

ஐவரும் சேர்ந்து ஸ்டுடியோவில் செய்த முதல் ஆல்பம், ஹாலிவுட்டில் மூன்று நாளில் பதிவானது. ஏழு பாட்டுகளும் குழுவினரே எழுதியவை. அதுவரை மைல்ஸின் ஆல்பங்களில் பழைய பிராட்வே (நியூயார்க் இசை நாடக) மெட்டுகளும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகளும் கலந்தே வரும். இங்கிருந்து ஸ்டுடியோ ஓட்டம் தனியாகப் பிரிகிறது.

தலைப்புப் பாட்டு வேய்ன் எழுதியது. மெட்டு படி இறங்குவது போலத் தாவித் தாவி இறங்குகிறது. எங்கே போய் உட்காரும் என்று ஊகிக்க முடியாது. வேய்னின் மெட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வாயில் முணுமுணுக்கக் கூடியவைதான், ஆனால் முடிந்த மாதிரியே இருக்காது.

'எய்ட்டி ஒன்' பாட்டைத் தவறவிடாதீர்கள். மெட்டு வரும்போது தாளம் ராக் பாட்டைப் போல நேராக, சமமாக அடிக்கிறது. நடுவில் ஸ்விங்குக்கு, அதாவது ஜாஸின் வழக்கமான துள்ளல் நடைக்கு, மாறி மறுபடி திரும்புகிறது. 1968-இல் நடக்கப்போவதன் சின்ன விதை 1965 ஜனவரியிலேயே விழுந்திருக்கிறது. மற்றபடி இந்த ஆல்பம் எனக்குக் கொஞ்சம் விறைப்பாகவே தோன்றும். புதிய வீட்டில் முதல் வாரம் குடியிருப்பவர்கள் நடமாடுவது போல, எல்லோரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். அதுவும் கேட்க வேண்டியதுதான், பிறகு என்ன ஆனார்கள் என்று ஒப்பிட.

நான்காம் படி: சிகாகோ, 1965 டிசம்பர்

இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள். இந்தக் குழுவின் இதயம் இதுதான் என்பது என் எண்ணம்.

'ஈ.எஸ்.பி.' முடிந்ததும் மைல்ஸுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. 1965-இல் பெரும் பகுதி வாசிக்கவே இல்லை. வருடக் கடைசியில்தான் மேடைக்குத் திரும்பினார். டிசம்பர் 22, 23 இரவுகளில் சிகாகோவின் பிளக்டு நிக்கல் என்ற சிறிய கிளப்பில் அவர்கள் வாசித்ததைக் கொலம்பியா முழுவதுமாகப் பதிவு செய்தது. 1995-இல் அது எட்டு சிடிகளாக வந்தது.

அந்தப் பயணத்தின்போது டோனி மற்றவர்களிடம் ஒரு யோசனை சொன்னதாக ஹெர்பி நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவரிடமிருந்து மற்றவர் எதை எதிர்பார்ப்பாரோ, அதற்கு நேர் எதிரானதை வாசிப்போம். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எல்லோரும் சேர்ந்து ஏற்றிவிடுவதுதான் வழக்கம். இனி அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவோம். அடங்கும் இடத்தில் ஏற்றுவோம். மைல்ஸிடம் இதைச் சொல்லவில்லை. கிளப்பில் போய்ப் பார்த்தால் பதிவுக் கருவிகள் தயாராக இருக்கின்றன. ஆனாலும் பின்வாங்கவில்லை.

இப்போது 'இஃப் ஐ வேர் எ பெல்' பாட்டைப் போடுங்கள். அந்த மணி ஓசை முகப்பு வருகிறது. அடடா, இது நமக்குத் தெரிந்த பாட்டுதானே என்று தோன்றும். அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. மைல்ஸ் மெட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறார். டோனி திடீரென்று நிறுத்திவிடுகிறார். ரான் வேகத்தைப் பாதியாக்குகிறார். ஹெர்பி ஒரு கார்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே வைக்காமல் விட்டுவிட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வைக்கிறார். வேய்ன் அந்த வெறுமைக்குள் நுழைந்து, முனகலும் கேள்வியுமாக ஏதோ பேசிக்கொண்டு போகிறார். கிளப்பில் டம்ளர் உரசும் சத்தம், யாரோ பேசும் குரல். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் ஐந்து பேரும் ஒரே நொடியில் பழைய நடைக்கு வந்து சேர்கிறார்கள். அப்போதுதான் நமக்குப் புரிகிறது, யாரும் எங்கேயும் தொலைந்துபோகவே இல்லை. சுற்று எங்கே இருக்கிறது என்று ஐவருக்கும் கடைசிவரை தெரிந்திருக்கிறது.

அதனால்தான் 1956 பதிவை முதலில் கேட்கச் சொன்னேன். பாட்டு உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவர்கள் எதை விடுகிறார்கள் என்று தெரியும். முடிந்தால் 1956 பதிவை இரண்டு தடவை கேட்டுவிட்டு உடனே சிகாகோ பதிவுக்குப் போங்கள். எட்டு சிடியும் ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு செட் (இடைவேளைவரை தொடர்ந்து வாசிக்கும் பகுதி) என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பாட்டு வேறு வேறு செட்டுகளில் வரும். அவற்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், எதையும் அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்', 1966 அக்டோபர்

சிகாகோவில் கிடைத்த சுதந்திரம் ஸ்டுடியோவுக்குள் நுழைவது இங்கேதான். 24, 25 தேதிகளில் நியூயார்க்கின் 30-ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில், ஆறு பாட்டுகள். இந்தக் குழுவின் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஹெர்பியின் இடது கையைத் தேடிப்பாருங்கள். 'ஆர்பிட்ஸ்', 'டோலோரஸ்', 'ஜிஞ்சர்பிரெட் பாய்' மூன்றிலும் அது இல்லை. மற்றவர்கள் சோலோ வாசிக்கும்போது பியானோ கார்டு போடுவதில்லை. தன் முறை வரும்போது வலது கையால் ஒற்றை இழையாக வாசிக்கிறார், அவ்வளவுதான். கார்டு வரிசை என்ற தரை போய்விட்டது. தாளம் மட்டும் நிற்கிறது. 'ஈ.எஸ்.பி.' பாட்டையும் 'ஆர்பிட்ஸ்' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டால், கூரை எடுத்த வீட்டுக்குள் வந்ததுபோல வெளிச்சம் தெரியும்.

அப்புறம் இந்தக் குழுவை ஒப்பிட எனக்குத் தெரிந்த மிக நல்ல ஜோடி ஒன்று உண்டு. 'ஃபுட்பிரிண்ட்ஸ்' வேய்ன் எழுதிய மைனர் ப்ளூஸ். இதை அவர் 1966 பிப்ரவரியிலேயே தன் சொந்த ஆல்பமான 'ஆடம்ஸ் ஆப்பிள்' பதிவில் வாசித்திருக்கிறார். பியானோவில் அதே ஹெர்பி. பாஸ் ரெஜி வொர்க்மன், டிரம்ஸ் ஜோ சேம்பர்ஸ். அது ஆற அமர நடக்கும் பாட்டு. மூன்று மூன்றாக எண்ணினால் கடைசிவரை எண்ணலாம். எட்டு மாதம் கழித்து மைல்ஸ் குழுவில் அதே பாட்டு வேகமெடுக்கிறது. ரான் பாஸில் ஒரு சின்னச் சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்க, டோனி அதன் மேல் மூன்றை நான்காக்குகிறார், மறுபடி மூன்றாக்குகிறார். லயத்தில் பழக்கம் உள்ளவர்கள் திஸ்ரத்தில் எண்ணிக்கொண்டிருந்த கை சதுஸ்ரத்துக்கு நழுவுவதை உடனே உணர்வார்கள். மெட்டு அதே மெட்டு, எழுதியவரும் அதே ஆள், பியானோ வாசிப்பவரும் அதே ஆள். மாறியது ரானும் டோனியும், மைல்ஸ் கொடுத்த இடமும்தான்.

'ஃப்ரீடம் ஜாஸ் டான்ஸ்' எடி ஹாரிஸ் எழுதியது. மூல மெட்டில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். மைல்ஸ் அவற்றுக்கு நடுவே இடைவெளி வைத்து நீட்டினார். 2016-இல் வந்த தொகுப்பில் அந்தப் பதிவு நாளின் பேச்சும் முயற்சிகளும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் நிறுத்துவதையும் திருத்துவதையும் மறுபடி தொடங்குவதையும் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஆல்பத்தின் கடைசியில் மைல்ஸ் தயாரிப்பாளர் டீயோ மசேரோவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கும்.

ஆறாம் படி: 1967, இரண்டு ஓட்டமும் சேரும் இடம்

மே மாதம் 'சோர்சரர்' பதிவானது. 'மாஸ்குவலேரோ', 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' இரண்டையும் கேளுங்கள். ஜூன், ஜூலையில் 'நெஃபர்டிட்டி'.

நான் எடுத்து வைத்துவிட்ட அந்தத் தலைப்புப் பாட்டுக்கு இப்போது வருவோம். வேய்ன் எழுதிய 16 பார் மெட்டு. டிரம்பெட்டும் சாக்ஸும் அதை ஆரம்பம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. கற்பனை முழுவதும் அடியில் நடக்கிறது, டிரம்ஸில், பாஸில், பியானோவில். கச்சேரியில் பாடகர் பல்லவியின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது மிருதங்கக்காரர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வாசித்து அந்த வரியையே புதிதாக்குவார் அல்லவா, அந்தக் காதோடு இதைக் கேளுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே எல்லோரும் வந்து இறங்கும் சமம் என்று ஓர் இடம் பேசி வைக்கப்படவில்லை. டோனி முதல் சுற்றில் சிம்பலைத் தடவிக்கொண்டிருக்கிறார். போகப்போக உருட்டுகிறார், மோதுகிறார், மேலே இருக்கும் மெட்டை அலை தூக்குவது போலத் தூக்கிவிட்டு, திடீரென்று பின்வாங்குகிறார். மேலே இரண்டு குழல்களும் நிதானம் தவறாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நடுவில் வேய்ன் மைல்ஸைவிட ஒரு மூச்சு பிந்துவதால் மெட்டுக்கு எதிரொலி வந்ததுபோல இருக்கும். ஹெட்ஃபோனில் அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

ஜாஸில் சோலோ வாசிப்பவர் முன்னால், தாளக்காரர்கள் பின்னால் என்பதுதான் அதுவரை வழக்கம். இந்த எட்டு நிமிடத்தில் அது தலைகீழாகிவிட்டது. 1956-இல் கையால் தட்டிக்கொண்டு வந்தோமே, மெட்டு, சுற்று, கார்டு, தாளம் நான்கில் இப்போது இறுக்கமாக நிற்பது மெட்டு ஒன்றுதான். சிகாகோவில் முதலில் உதறப்பட்டதும் அதே மெட்டுதான்.

அதே ஆல்பத்தில் 'ஃபால்' இந்த யோசனையின் மென்மையான வடிவம். மெட்டு அடிக்கடி திரும்பி வர, இடையிடையே சோலோ. 'பினோக்கியோ' வேகமான பாட்டு. பிற்காலப் பதிப்புகளில் அதன் இன்னொரு முயற்சியும் இருக்கிறது. அதில் அதையும் 'நெஃபர்டிட்டி' போலவே மெதுவாக, சோலோ இல்லாமல் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

அந்த வருடம் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஐரோப்பியப் பயணம். 'லைவ் இன் யூரோப் 1967' என்று 2011-இல் தொகுப்பாக வந்தது. ஸ்டாக்ஹோம், கார்ல்ஸ்ரூ நகரங்களில் எடுத்த படப்பதிவும் அதில் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சிகாகோவில் வாசித்த பட்டியலில், 'ஈ.எஸ்.பி.' ஆல்பத்தின் 'அஜிட்டேஷன்' தவிரப் பெரும்பாலும் பழைய பாட்டுகள்தான். இங்கே 'ஃபுட்பிரிண்ட்ஸ்', 'மாஸ்குவலேரோ', 'ரயட்', 'ஜிஞ்சர்பிரெட் பாய்' எல்லாம் மேடைக்கு வந்துவிட்டன. 'ரவுண்ட் மிட்நைட்' போன்ற பழையவையும் கூடவே இருக்கின்றன. பாட்டுகளுக்கு நடுவே நிறுத்தம் இல்லை. ஒன்று முடியும் முன்பே மைல்ஸ் அடுத்ததன் ஒரு வரியை வாசித்தால் நான்கு பேரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஸ்டுடியோ ஓட்டமும் மேடை ஓட்டமும் சேர்ந்துவிட்ட இடம் இது. படப்பதிவு கிடைத்தால் டோனியின் இடது கையைப் பாருங்கள். ஒரு பாட்டு எங்கே வேறொன்றாகிறது என்பதை அது பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஏழாம் படி: மின்சாரம் வருகிறது

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கையோடு, 1967 டிசம்பரில், மைல்ஸ் ஸ்டுடியோவில் கிட்டார் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். 1968-இல் வந்த 'மைல்ஸ் இன் த ஸ்கை' ஆல்பத்தின் 'பாராஃபர்னேலியா' பாட்டில் கிட்டார் ஜார்ஜ் பென்சன். 'ஸ்டஃப்' பாட்டில் ஹெர்பி மின் பியானோ, ரான் மின் பாஸ் வாசிக்கிறார்கள். டோனி ராக் தாளம் அடிக்கிறார். பதினேழு நிமிடம். வெகுநேரம் மெட்டு மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. 'நெஃபர்டிட்டி' கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தாளத்தை 'எய்ட்டி ஒன்' பாட்டில் கேட்டோம். மாறியது ஒலியின் நிறம்தான். இந்த ஆல்பம் முழுக்க ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி பழைய வீட்டிலும் பாதி புது வீட்டிலும் இருக்கிறது.

'ஃபிய் த கிலிமஞ்சாரோ' பதிவு 1968 ஜூனிலும் செப்டம்பரிலும் நடந்தது. நடுவில் குழு கலைந்துவிட்டது. ரான் விலகினார். ஹெர்பி தேனிலவுக்கு பிரேசில் போன இடத்தில் உணவு ஒத்துக்கொள்ளாமல் படுத்து, திரும்பத் தாமதமானது. வந்து பார்த்தால் அவர் இடத்தில் சிக் கொரியா. பாஸில் டேவ் ஹாலண்ட். ஆகவே ஒரே ஆல்பத்துக்குள் இரண்டு குழுக்கள் இருக்கின்றன. 'டூ த சுவீட்' ஜூனில் பழைய ஐவர் வாசித்தது. 'மத்மசெல் மேப்ரி' செப்டம்பரில் புதியவர்கள் வாசித்தது. முதலில் அட்டையைப் பார்க்காமல் கேட்டு, யார் எதில் என்று காதாலேயே ஊகித்துப் பாருங்கள். இத்தனை படி ஏறி வந்தவர்களால் முடியும்.

எத்தனை நாளில்?

வாரத்துக்கு ஒரு படி என்றால் ஏழு வாரம். சிகாகோவுக்கு மட்டும் இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் எட்டு. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மூன்று ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1956-இன் 'இஃப் ஐ வேர் எ பெல்', சிகாகோவின் அதே பாட்டு. வேய்னின் 'ஃபுட்பிரிண்ட்ஸ்', மைல்ஸின் 'ஃபுட்பிரிண்ட்ஸ்'. 'நெஃபர்டிட்டி', 'ஸ்டஃப்'. இந்த ஆறும் காதில் ஏறிவிட்டால் மற்றவை தாமாக அவற்றின் நடுவே வந்து உட்காரும்.

ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது உதவும். கருத்துகளை எழுத வேண்டாம். கை எங்கே தப்பியது, பியானோ எங்கே நின்றது, மெட்டு எப்போது திரும்பி வந்தது என்று நிமிடக் கணக்கை மட்டும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பதிவுக்கு மறுபடி குறித்தால், கை தப்பும் இடங்கள் குறைந்திருக்கும்.

இதற்கெல்லாம் அப்புறம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. 1969 பிப்ரவரியில் பதிவான 'இன் அ சைலண்ட் வே'. மூன்று மின் பியானோக்காரர்கள், ஒரு கிட்டார். பழைய ஐவரில் வேய்னும் ஹெர்பியும் டோனியும் அங்கே இருக்கிறார்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க டோனி ஹை-ஹாட்டில் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பலில்) ஒரே மாதிரி 'டிக்கு டிக்கு டிக்கு டிக்கு' என்று தட்டிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு நிமிடம், கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லை. சிகாகோவில் எல்லாவற்றையும் கலைத்துப்போட்ட அதே பையன்தான். இப்போது 23 வயது. அந்த ஹை-ஹாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.